மூன்றாவது இழுப்பு

நெட்டை திரும்பி வருகிறான் என்ற செய்தியை என்னிடம் சொல்ல எங்கள் தீயணைப்பு நிலையத்தில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. எரிகிற வீட்டுக்குள் இறங்கிப் போகிற ஆட்கள்தான் இவர்கள். ஐந்தாவது மாடி ஜன்னலில் தொங்கிக்கொண்டே ஜோக் அடிப்பார்கள். என்னிடம் ஒரு பெயரைச் சொல்வதற்கு மட்டும் எல்லோரும் பின்வாங்கினார்கள். கடைசியில் டிரைவர் அண்ணன்தான், வண்டிக்கு அடியில் படுத்து முகத்தைக் காட்டாமல் சொன்னார்.

"சைரன்... ஒரு விஷயம். கோவப்படாதே."

"கோவப்படாதேன்னு ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வரும்னு தெரியாதாண்ணே?"

"புது மூச்சுக் கருவி வந்திருக்கில்ல, அதைப் பழக்கிக் குடுக்கப் பயிற்சிப் பள்ளியிலேருந்து ஒரு ஆள் வர்றார். ஒரு நாள்தான். காலைல வந்து சாயங்காலம் பஸ் ஏறிடுவார்."

"வரட்டுமே. அதுக்கு நீங்க ஏன் வண்டிக்கடியில போய் ஒளிஞ்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினேன். "நெட்டையா?"

ஒரு ஸ்பானர் மட்டும் உருண்டு வெளியே வந்தது.

சைரன் என்பது நான்தான். பெயர் வைத்தவன் நெட்டை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வண்டியின் சைரன் பாதி வழியில் மக்கர் செய்தது. நான் ஜன்னலில் தலையை நீட்டி, "வழி விடுங்கய்யா!" என்று கத்திக்கொண்டே போனேன். முன்னால் போன பஸ் தானாக ஓரம் கட்டியது. "இனிமே சைரனை ரிப்பேர் பண்ணவே வேணாம், அதான் இது இருக்கே" என்றான் அவன். என் அம்மாகூடக் கோபம் வந்தால் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் கதவு நிலைகளில் இடித்து இடித்து நெற்றியில் நிரந்தரமாக ஒரு தழும்பு வாங்கியவன். சண்டை போட்டே பழகினோம், பழகிப் பழகிப் பிரிய முடியாமல் போனோம், கல்யாணத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அப்போதுதான் அந்தக் காகிதக் கிடங்கு எரிந்தது.

புகை முட்டிய இடத்துக்குள் போகிறவரின் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறுமுனை வெளியே ஒருவர் கையில். இரும்புக் கூரைக்கு அடியிலும் தரைக்குக் கீழேயும் வாக்கிடாக்கியில் வெறும் கொர்கொர்தான் கேட்கும். அங்கே கயிறுதான் வாய், கயிறுதான் காது. உள்ளே இருப்பவர் ஒரு முறை இழுத்தால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு முறை இழுத்தால், இன்னும் கயிறு விடு. மூன்று முறை என்றால், என்னை வெளியே இழு. மூன்று வந்தால் யோசிக்கக் கூடாது, இழுத்துவிட வேண்டும். இதுதான் எங்கள் தொழிலுக்கு அரிச்சுவடி.

அன்று உள்ளே அவன், வெளியே நான். என் கையில் மூன்று வந்தது. இழுத்தேன். அவன் வெளியே வந்து விழுந்த கையோடு கிடங்கின் கூரை இறங்கியது. உள்ளே கிடங்கு மேஸ்திரி இருந்தார். நெட்டையின் விரல் அவர் சட்டைக் காலரைத் தொட்டுவிட்டதாம். இன்னும் ஒரு முழம் கயிறு வேண்டும் என்று இரண்டு முறை இழுத்தானாம்.

"ரெண்டு! ரெண்டுதான் இழுத்தேன்! எண்ணத் தெரியாதா உனக்கு?" என்று தெருவே பார்க்கக் கத்தினான். அதைக்கூட நான் தாங்கியிருப்பேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, நாளைக்குத் தெளிந்துவிடும் என்று இருந்தேன். ஆனால் விசாரணை நடந்தபோது, எல்லோர் முன்னாலும், நிதானமாகச் சொன்னான்: "கட்டிக்கப்போறவளைக் கயித்துல நிறுத்தினது என் தப்பு. நான் வெளியில வந்தா போதும்னு பயந்து இழுத்துட்டா."

யார் மீதும் தப்பில்லை என்றுதான் விசாரணை முடிந்தது. உறவுக்காரர்களும் கல்யாணம் நிச்சயமானவர்களும் ஒரே கயிற்றில் நிற்கக் கூடாது என்று நிலையத்தில் புது விதி ஒன்று வந்தது. அவன் மாறுதல் வாங்கிக்கொண்டு போனான். ஆறு வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு நான் எத்தனையோ முறை அந்தக் கயிற்றை மனதுக்குள் பிடித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மூன்றுதான் வந்தது.

அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. திரும்ப வந்து என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று சத்தியமாக நினைக்கவில்லை (பாதிச் சத்தியம்). நான் பயந்து இழுக்கவில்லை என்பதை அவன் நம்ப வேண்டும். ஒரே ஒரு தடவை அதை அவன் வாயால் கேட்க வேண்டும். அது கிடைக்காமல் நான் வேறு யாருக்கும் கழுத்தை நீட்டத் தயாராக இல்லை.

அவன் வரும் நாள் காலையில் அம்மா வழக்கத்துக்கு மாறாக வாசல் வரை வந்தாள். "அவன் குடை நம்ம வீட்டுலதான் இருக்கு. வந்து வாங்கிக்கச் சொல்லு" என்றாள்.

"யாரும்மா சொன்னா உனக்கு?"

"டிரைவர்."

"அந்தக் குடையைத் தூக்கிப் போடச் சொன்னேனே, அதை என்ன பண்ணினே?"

"நல்ல குடைடி. கம்பி ஒண்ணுகூட வளையல. ஆள் மேல இருக்கிற கோவத்தைக் குடை மேல காட்டலாமா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என் தைரியம் யாரிடமிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அவன் வந்தான். அதே உயரம், அதே தழும்பு. காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. அதுவும் அவனுக்குப் பொருத்தமாகவே இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

"வணக்கம். நல்லா இருக்கீங்களா?" என்றான்.

'ங்க!' ஒரே தட்டில் சாப்பிட்ட வாய்.

"இருக்கேங்க. நீங்க சௌக்கியங்களா?" என்றேன். பக்கத்தில் நின்ற தொப்பை, எங்கள் நிலையத்தில் தண்ணீர்க் குழாய் பிடிப்பவன், சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினான்.

பயிற்சி ஆரம்பித்தது. ஒவ்வொருவர் முகத்திலும் கவசத்தை மாட்டி வாரை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தான். என் முறை வந்தபோது அவன் விரல் என் காதுக்குப் பின்னால் பட்டது. வெட்கங்கெட்ட நெஞ்சு, ஆறு வருடக் கோபத்தையும் மறந்துவிட்டுத் தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

"இறுக்கமா இருக்குங்களா?"

"மூச்சு முட்டுதுங்க."

"கருவியாலயா?"

"இல்லைங்க. ஆளால."

அவன் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

மணி அடித்துவிட்டால் எங்களுக்குக் காதலும் கிடையாது, பகையும் கிடையாது. கால் தானாக பூட்ஸுக்குள் போகும். நிலையத்தின் பாதி ஆட்கள் காலையிலேயே நெடுஞ்சாலை விபத்துக்குப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தது எங்கள் அதிகாரி மேடம், டிரைவர் அண்ணன், தொப்பை, நான்.

"ஒரு கை குறையுது" என்றார் மேடம். நெட்டை அதற்குள் வண்டிப் படியில் ஏறி நின்றுகொண்டிருந்தான். மேடம் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரே கயித்துல..."

"அந்த விதி உறவுக்காரங்களுக்குத்தானே மேடம்? நாங்க உறவு இல்லையே" என்றான்.

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் தையல் கூடம். மின்பெட்டி வெடித்துத் துணி மூட்டைகளில் தீப்பிடித்திருந்தது. படிக்கட்டு வாயிலிருந்து கறுப்புப் புகை கொப்பளித்துக்கொண்டு வந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு பத்துப் பதினைந்து பெண்கள் நடைபாதையில் நின்று ஒரே குரலாக அலறினார்கள்.

"இஸ்திரி அக்கா உள்ள இருக்காங்க! எல்லாரும் வந்தாச்சு, அவங்க மட்டும் வரல! கடைசி மேசை!"

டிரைவர் அண்ணன் தண்ணீரைத் திறந்துவிட, தொப்பை குழாயோடு கீழ்ப்படியில் நின்று இடப்பக்கத் தீயை அடிக்க ஆரம்பித்தான். வலப்பக்கம் சரிந்து கிடந்த மூட்டைகளுக்கு நடுவே ஒரு சந்து இருந்தது. தொப்பையின் தொப்பை அதில் நுழையாது. நெட்டையின் உயரம் மடங்காது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வாக்கிடாக்கி சத்தமே இல்லை. கயிறுதான்" என்றார் மேடம்.

நெட்டை என் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். மறுமுனையை அவன் முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வதைப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

உள்ளே கண்ணைத் திறந்தாலும் ஒன்றுதான், மூடினாலும் ஒன்றுதான். தவழ்ந்தேன். வலது கை சுவரில், இடது கை தரையில். தையல் மிஷின்களின் இரும்புக் கால்கள் வரிசையாக வந்தன. நூல்கண்டுகள் உள்ளங்கைக்குக் கீழே உருண்டு ஓடின. சூடு முதுகில் ஏறி உட்கார்ந்தது. என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அதற்கும் மேலே இன்னொரு சத்தம்: டங்... டங்... டங்.

யாரோ இரும்பைத் தரையில் தட்டுகிறார்கள்!

உயிரோடு இருக்கிறாள்! "வர்றேன்க்கா! தட்டிக்கிட்டே இருங்க!" என்று கவசத்துக்குள்ளேயே கத்தினேன். சைரன் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? டங், டங், டங் என்று வேகமாகப் பதில் வந்தது.

திரும்பினேன், இன்னொரு மிஷின் வரிசை, இன்னொரு திருப்பம். கையை நீட்டினேன். ஒரு செருப்பு. செருப்புக்குள் கால் விரல். விரல் அசைந்தது. இன்னும் ஒரு முழம் போனால் கணுக்காலைப் பிடித்துவிடலாம். இடுப்பில் கயிறு விண்ணென்று நின்றது.

இன்னும் கயிறு விடு. இரண்டு முறை இழுத்தேன்.

அடுத்த நொடி என் இடுப்பைப் பிடித்து யாரோ பின்னால் பிடுங்கியது போல இருந்தது. கயிறு என்னை இழுத்தது. கை செருப்பை விட்டு நழுவியது. "வேணாம்! விடுடா!" என்று கத்தினேன். தரையில் நகத்தால் பிறாண்டினேன். மிஷின் காலைப் பிடித்தேன், பிடி விட்டுப்போனது. அவன் பலம் எனக்குத் தெரியாதா? மூட்டைச் சந்து வழியாக மூட்டையோடு மூட்டையாக நானும் வெளியே வந்து படியில் விழுந்தேன்.

எழுந்தேன். கவசத்தைப் பிய்த்து எறிந்தேன். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ரெண்டு! ரெண்டுதான் இழுத்தேன்! எண்ணத் தெரியாதா உனக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

அவன் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"மூணு வந்துச்சு" என்றான். "சத்தியமா மூணு வந்துச்சு."

ஆறு வருடமாக நான் சொன்ன அதே வார்த்தை. நான் சொன்னபோது என் குரலும் இப்படித்தான் நடுங்கியிருக்கும். அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்தது. ஆனால் அதை உட்கார்ந்து பேச அங்கே நேரம் ஏது?

"செருப்பைத் தொட்டுட்டேன் மேடம்! உயிரோட இருக்காங்க! திரும்பப் போறேன்."

நெட்டை என் சிலிண்டர் முள்ளைப் பார்த்தான். "காத்து இருக்கு. போலாம்." கவசத்தை எடுத்து என் முகத்தில் அவனே மாட்டினான். "கேட்டுக்கோ. இனிமே எத்தனை வந்தாலும் நான் உடனே எதுவும் செய்ய மாட்டேன். திருப்பி ஒண்ணு இழுப்பேன். நிஜமாவான்னு கேக்கிறேன்னு அர்த்தம். நீ மறுபடி சொல்லணும். மறுபடி என்ன சொல்றியோ அதைத்தான் செய்வேன்."

"நான் மயங்கிட்டா? பதில் வராதே."

"பதில் வரலேன்னா நானே உள்ள வந்துடுவேன். மூட்டையை உடைச்சுக்கிட்டு வருவேன். போ."

'நீ', 'போ'. மரியாதையெல்லாம் புகையோடு போயிருந்தது. எனக்கு அந்த நெருப்பிலும் குளிர்ந்தது.

இரண்டாம் தடவை வழி கைக்குத் தெரிந்திருந்தது. தட்டும் சத்தம் மெலிந்திருந்தது. டங்... வெகுநேரம் கழித்து இன்னொரு டங். பாதி தவழ்ந்தும் பாதி வழுக்கியும் போனேன். மிஷின் வரிசை, திருப்பம், மறு வரிசை, செருப்பு. கயிறு மறுபடி அதே இடத்தில் விண்ணென்று நின்றது.

இரண்டு முறை இழுத்தேன். இழுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இப்போது மறுபடி என்னைப் பிடுங்கினால் இந்தப் பெண் செத்துப்போவாள். அதற்குப் பிறகு நானும் அவனைப் போலவே ஏதாவது ஒரு ஊருக்கு ஓடிப்போவேன்.

கயிறு ஒரே ஒரு முறை அசைந்தது. நிஜமாவா?

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கயிற்றை உயரத் தூக்கிப் பிடித்து, நிதானமாக, ஒவ்வொன்றாக இழுத்தேன். ஒன்று. இரண்டு.

கயிறு தளர்ந்தது. தாராளமாக, முழம் முழமாகத் தளர்ந்து வந்தது. நான் பாய்ந்தேன்.

இஸ்திரி அக்காவின் காலில் ஒரு துணி அலமாரி சாய்ந்து கிடந்தது. தோளைக் கொடுத்துத் தூக்கினேன். அசையவில்லை. "அக்கா, நான் மூணு வரைக்கும் எண்ணி மறுபடி தூக்கறேன், நீங்க காலை உருவுங்க" என்றேன். எண்ணிக்கை அன்று எங்களுக்கு ராசியில்லை போலிருக்கிறது, இரண்டிலேயே உருவிவிட்டாள். அவளைப் பின்னாலிருந்து இறுக்கி அணைத்துக்கொண்டு கயிற்றை மூன்று முறை இழுத்தேன்.

ஒன்று வந்தது. நிஜமாவா?

நிஜம்டா, நிஜம், நிஜம்! மூன்று.

அவன் இழுத்தான். இந்த முறை அந்த இழுப்பு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூட்டைச் சந்தில் தொப்பை கையை விட்டு அக்காவின் தோளைப் பிடித்தான், மேடம் என் காலரைப் பிடித்தார், எல்லோருமாகச் சேர்ந்து வெளிச்சத்தில் போய் விழுந்தோம். நடைபாதையில் நின்ற பெண்கள் போட்ட கூச்சலில் ஆம்புலன்ஸ் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது இஸ்திரி அக்கா கண்ணைத் திறந்தாள். இஸ்திரிப் பெட்டியை இன்னும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "இதை அணைச்சேனா இல்லையான்னு பாக்கத்தான் திரும்பிப் போனேன்" என்று முனகினாள்.

"அணைச்சாச்சுக்கா. மொத்தக் கட்டடத்தையும் அணைச்சாச்சு" என்றார் டிரைவர் அண்ணன்.

தீ முழுக்க அடங்கிப் புகை வெளியேறியதும் நெட்டை யாரையும் கேட்காமல் கீழே இறங்கினான். நான் பின்னாலேயே போனேன். டார்ச் வெளிச்சத்தில் மிஷின் வரிசைகள் கரிபூசி நின்றன. அவன் குனிந்து ஒவ்வொரு மிஷினாகப் பார்த்துக்கொண்டே போனான். இரண்டாவது திருப்பத்தில் நின்றான்.

"இங்க வா."

ஒரு பழைய கால்மிஷின். அதன் மிதி முழுக்கக் கரி. ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குப் பளபளவென்று சுத்தமாக இருந்தது. கயிறு உரசிய தடம்.

"மேடம்!" என்று மேலே பார்த்துக் கத்தினேன். "கயித்து முனையைப் பிடிங்க! எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க!"

கயிற்றை முன்பு போன வழியிலேயே போட்டு, மிதியின் ஓரத்துக்கு மேலாக விட்டு, என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். நெட்டை டார்ச்சை மிதியின் மேல் பிடித்தான். இரண்டு முறை இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் மிதி சாய்ந்தது. இரண்டாவதில் நான் கையை விட்டதும் டக்கென்று எழும்பிக் கயிற்றைத் தூக்கி அடித்தது.

மேலேயிருந்து மேடத்தின் குரல் வந்தது. "மூணு!"

நெட்டை கரித்தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அன்னிக்குக் கிடங்குல ஒரு தள்ளுவண்டி இருந்துச்சு" என்றான். "மூட்டை தூக்கிற வண்டி. கைப்பிடி ஸ்பிரிங் வெச்சது, அமுக்கி விட்டா நிமிந்துக்கும். கயிறு அதுல மாட்டியிருந்துச்சு. மாட்டினது எனக்குத் தெரியும். பரவாயில்லன்னு தாண்டிப் போயிட்டேன்." தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "நான் ரெண்டு இழுத்தேன். உனக்கு மூணு வந்துச்சு."

மிதியின் சுத்தமான ஓரத்தை விரலால் தடவினேன். வாயைத் திறந்தால் ஊரைக் கூட்டிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"நீ பயந்து இழுக்கல" என்றான். "உன் கைக்கு என்ன வந்துச்சோ அதுக்கு இழுத்தே. நானா இருந்தாலும் இழுத்திருப்பேன். இன்னிக்கு இழுத்தேன்ல?" குரல் உடைந்தது. "அந்த மேஸ்திரியோட காலர் இன்னும் என் விரல்ல இருக்கு. யார் மேலயாவது கோவப்பட்டாத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு. உன்மேல பட்டுட்டேன். நீதான் பக்கத்துல இருந்தே."

ஆறு வருடமாக நான் கேட்க ஆசைப்பட்டது அதுதான். அது கிடைத்ததும் தலையை நிமிர்த்திக்கொண்டு கம்பீரமாக நடந்து போக வேண்டும் என்று எத்தனையோ முறை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நடந்தது வேறு. நானும் கரியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவனும் அழுதான். மேலேயிருந்து தொப்பை, "அங்க யாராவது மாட்டிக்கிட்டீங்களா?" என்று கத்தினான்.

நிலையத்துக்குத் திரும்பினோம். கயிற்றை அலசி, முற்றத்தில் நீளமாகப் பிடித்து உதறி, சுருட்டி வைப்பது கடைசி வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு வண்டிக் கொட்டகையில் நின்றேன். மறுமுனையோடு அவன் வாசல் வரை போனான். அவன் பை அங்கே சுவரோரம் தயாராக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

"அம்மா உன் குடையை வெச்சிருக்கா" என்று இங்கிருந்தே கத்தினேன்.

"இன்னுமா?"

"நல்ல குடையாம். கம்பி வளையலையாம்."

அவன் சிரித்தான். குனிந்து பையைப் பார்த்தான். பிறகு கயிற்றைப் பார்த்தான்.

என் கையில் கயிறு அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

நடுவில் மிஷினும் இல்லை, தள்ளுவண்டியும் இல்லை. வெறும் ஈரத்தரை. மூன்று வந்தால் யோசிக்கக் கூடாது என்பது பழைய பாடம். புதுப் பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் எதிரே நிற்கிறான். நான் திருப்பி ஒன்று இழுத்தேன்.

அவன் கயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்து, உயரத் தூக்கி, சின்னப் பிள்ளைக்கு எண்ணக் கற்றுக்கொடுக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக இழுத்தான்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

இழுத்தேன். என் பலம் முழுவதையும் போட்டு இழுத்தேன். பூட்ஸ் வழுக்க, கையைக் காலை ஆட்டிக்கொண்டு, முற்றம் முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓடி வந்தான் அந்த நெட்டை. கொட்டகைக் கதவு நிலையில் நெற்றியை 'நங்'கென்று இடித்துக்கொண்டு என் மேல் வந்து மோதினான். டிரைவர் அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்து ஸ்பானரால் தாளம் தட்டினார்.

மேடம் படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரொம்பக் கண்டிப்பான குரலில் சொன்னார்.

"இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒரே கயித்துல நிக்கக் கூடாது."